எட்டு என்றால் அவசரமில்லை

அந்த ஆஸ்பத்திரியில் அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவள் சிக்னல். நெட்வொர்க் எங்கே படுத்துக்கொண்டாலும் அவளைத்தான் கூப்பிட வேண்டும் என்பதால் யாரோ வைத்த பட்டப்பெயர். வைத்தவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார், பெயர் போகவில்லை.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால், இரண்டு மணி நேரப் பயணத் தூரத்தில் இருக்கும் கிளை ஆஸ்பத்திரிக்குப் புது நெட்வொர்க் லைன் போட்டார்கள். அப்போது சிக்னல் எல்லாத் துறைகளுக்கும் ஒரு படிவம் அனுப்பினாள். ஒரே கேள்வி: "இந்த லைனில் உங்கள் வேலை எவ்வளவு அவசரம்?" கீழே நான்கு கட்டங்கள். மிக அவசரம், அவசரம், சாதாரணம், அவசரமில்லை.

பதினேழு துறைகள். பதினாறு பேர் கண்ணை மூடிக்கொண்டு "மிக அவசரம்" என்று டிக் அடித்திருந்தார்கள். ஸ்கேன் டாக்டர் அது போதாதென்று "மிக" என்பதற்கு முன்னால் பேனாவால் இன்னொரு "மிக" எழுதியிருந்தார். கேன்டீன்காரரும் மிக அவசரம்தான். நாளைக்கு எத்தனை சாப்பாடு என்று இன்றைக்கு அனுப்புவதில் அப்படி என்ன உயிர் போகிற அவசரமோ, அவருக்குத்தான் வெளிச்சம்.

பேச்சுப் பயிற்சி அறை மட்டும் தனியாக நின்றது. அங்கே இருப்பது ஒரே ஒரு டீச்சர். "அவசரமில்லை" என்ற கட்டத்தில் டிக். பக்கத்தில் குண்டு குண்டான எழுத்தில், "மற்றவர்கள் முதலில் போகட்டும்" என்று ஒரு வரி வேறு. அதைப் பார்த்த சிக்னலுக்கு மனம் குளிர்ந்துபோனது. இந்தக் கட்டடத்தில் இப்படியும் ஒரு ஆளா என்று அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சிரிக்கும் முகம் வரைந்து வைத்தாள்.

லைனில் எது போனாலும் முழுதாகப் போகாது. குரலானாலும் படமானாலும் துண்டு துண்டாகத்தான் போகும். அந்தத் துண்டுக்குப் பாக்கெட் என்று பெயர். ஒவ்வொரு பாக்கெட்டின் நெற்றியிலும் ஓர் எண் எழுத இடம் உண்டு. வழியில் இருக்கும் கருவி உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்காது. நெற்றியைப் பார்க்கும், எண்ணைப் படிக்கும், அதன்படி வரிசையில் விடும். நாற்பத்தாறு என்றிருந்தால் எல்லோரையும் தாண்டி முன்னால் போகலாம். பூஜ்யம் என்றால் சாதாரண ஆள், தன் முறை வரும்வரை நிற்க வேண்டும்.

எட்டில்தான் ஒரு வேடிக்கை. பூஜ்யத்தைவிடப் பெரிய எண்ணாயிற்றே, அதற்கு முன்னால் போகும் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் நினைப்பார்கள். போகாது. எட்டு பூஜ்யத்துக்கும் பின்னால். "எனக்கு அவசரமில்லை, எல்லோரும் போனபிறகு இடமிருந்தால் போகிறேன்" என்று சொல்லும் எண் அது. லைனில் நெரிசல் வந்தால் கருவி முதலில் தூக்கிக் குப்பையில் போடுவதும் எட்டைத்தான். அது தவறில்லை. அது தானே கேட்டுக்கொண்டது.

சிக்னல் மற்றவர்களோடு நாள்கணக்கில் மல்லுக்கு நின்று எண்களைப் பங்கு போட்டாள். அவசரப் பிரிவு டாக்டர்களின் குரலுக்கு நாற்பத்தாறு கிடைத்தது. ஸ்கேன் டாக்டர் போட்ட சத்தத்துக்கு அவருடைய படங்களுக்கு அதற்கடுத்த இடம் கிடைத்தது. பேச்சுப் பயிற்சிக்கு எந்தப் பஞ்சாயத்தும் இல்லாமல் எட்டு. அத்தோடு அந்தப் படிவங்களை ஓர் அட்டையில் வைத்துக் கட்டி மறந்தும் போனாள்.

அவளுடைய அண்ணன் கிளை ஆஸ்பத்திரி இருக்கும் ஊரில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். இருபத்திரண்டு வருடமாக இடதுபக்க சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் ஒரு தனி பிரேக்கை வைத்துக்கொண்டு, ஊரில் பாதிப் பேரை ஓட்டுநர் ஆக்கியவன். உலகத்தில் எதற்கும் அவசரப்படாத ஆள். போன் செய்தால் "ஒண்ணும் அவசரமில்ல, வேலை முடிச்சுட்டுக் கூப்பிடு" என்பான். அவள் கூப்பிட மூன்று நாள் ஆகும். குறை சொல்லமாட்டான். குறை சொல்லாதவர்களுக்கு நேர்வதுதான் அவனுக்கும் நேர்ந்தது, எல்லோர் வரிசையிலும் அவன் கடைசி.

நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் அவன் வாய் ஒரு பக்கம் கோணியது. அண்ணி பதறிப்போய் வண்டி கூப்பிடப் போனாள். அவன் குழறிக் குழறிச் சொன்னது, "அவசரமில்ல, படுத்தா சரியாயிடும்." அண்ணி அதை நம்பினாள். ஆறு மணி நேரம் கழித்துத்தான் கொண்டுபோனார்கள். கை கால் தப்பித்தன, பேச்சு போய்விட்டது. நல்ல வைத்தியத்துக்கு இருந்த நேரத்தை அந்த ஒரு வார்த்தை தின்றுவிட்டது. நினைக்கும்போதெல்லாம் சிக்னலுக்கு அண்ணன்மேல் கோபமும், கோபப்பட்டதற்காகத் தன்மேல் ஆத்திரமும் வரும்.

அவனைப் பேச்சுப் பயிற்சியில் சேர்த்துவிட்டது அவள்தான். வாரம் இரண்டு நாள், காலை பத்தரைக்கு. இங்கே டீச்சர், அங்கே கிளையில் ஒரு சின்ன அறையில் கம்ப்யூட்டர் முன்னால் அண்ணன். டீச்சர் ஒரு வார்த்தை சொல்வார், அவன் திருப்பிச் சொல்ல வேண்டும். அண்ணிக்கு உள்ளே அனுமதி இல்லை. இருந்தால் அவனுக்குப் பதிலாக அவளே சொல்லிவிடுகிறாள் என்று முதல் நாளே வெளியே உட்காரவைத்துவிட்டார்கள்.

பன்னிரண்டு வகுப்பு முடிந்த திங்கட்கிழமை டீச்சர் சிக்னலைத் தன் அறைக்கு அழைத்தார். நரைத்த குட்டை முடியோடு மெதுவாகப் பேசும் மனுஷி. பேசுவதற்கு முன்னால் கதவைச் சாத்தினார்.

"உங்க அண்ணன் விஷயம்தாம்மா. வியாழக்கிழமை அவருக்கு மதிப்பீடு. முன்னேற்றம் இல்லன்னா பேரை எடுத்துட்டு அடுத்தவங்களுக்கு இடம் குடுக்கணும். பத்தொன்பது பேர் காத்திருக்காங்க."

"கொஞ்சம்கூட முன்னேற்றம் இல்லையா டீச்சர்?"

டீச்சர் ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். இடதுபக்கம் அவர் சொன்ன வார்த்தை, வலதுபக்கம் அண்ணன் சொன்னது. பலகை என்றால் பகை. சக்கரம் என்றால் சரம். குதிரை என்றால் குரை.

"பாதியை முழுங்கிடறார். ஒரு நாள் நடு எழுத்து, ஒரு நாள் முதல் எழுத்து. போன வாரம் சரியாச் சொன்னதை இந்த வாரம் தப்பாச் சொல்றார். ஒரு ஒழுங்கே இல்ல. இத்தனை வருஷத்துல நேர்ல வந்தவங்க யார்கிட்டயும் நான் இப்படிப் பாத்ததில்ல."

"லைன்ல ஏதாவது...?" என்று சிக்னல் தொழில் புத்தியில் கேட்டாள்.

"லைன் அருமையா இருக்கும்மா. அவர் குரல் பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி வருது. அதனாலதான் சொல்றேன்."

செவ்வாய்க்கிழமை வகுப்பில் தானும் ஓர் ஓரமாக உட்கார அனுமதி கேட்டாள். அண்ணனுக்கு அவள் இருப்பது தெரியக்கூடாது, திரையில் படாத இடத்தில் உட்கார வேண்டும் என்றார் டீச்சர். திரையில் அண்ணன் வந்தான். மீசையை எடுத்திருந்தான். கன்னம் ஒட்டிப்போய், பள்ளிக்கூடத்தில் முட்டி போடவைத்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"கடிதம்" என்றார் டீச்சர்.

"க... தம்" என்றான் அண்ணன். குரல் சுத்தமாக வந்தது.

"விளக்கு."

"விக்கு."

நாலாவது வார்த்தையில் அவன் கை தன் நெற்றியைத் தட்டியது. ஐந்தாவதில் இன்னும் பலமாகத் தட்டியது. சிக்னலால் பொறுக்க முடியவில்லை. வாசலுக்கு நகர்ந்து, மெல்லிய குரலில் அண்ணிக்கு போன் போட்டாள்.

"அண்ணி, ரூமுக்குள்ள போங்க. போனை வெக்காதீங்க. அண்ணன் தோள்ல கையை மட்டும் வைங்க, ஒரு வார்த்தை பேசாதீங்க."

"திட்டுவாங்களேம்மா."

"நான் பாத்துக்கறேன். போங்க."

கதவு திறக்கும் சத்தம் போனில் கேட்டது. நாற்காலி இழுபடும் சத்தம். திரையில் அண்ணியின் கை அண்ணனுடைய தோளில் வந்து உட்கார்ந்தது. டீச்சர் முகம் சுளித்தார், ஆனாலும் நிறுத்தவில்லை.

"பலகை" என்றார்.

சிக்னலின் ஒரு காதில் பலகை விழுந்தது. போனை வைத்திருந்த மறு காதில், இரண்டு மணி நேரத் தூரத்தில் இருந்த கம்ப்யூட்டர், டீச்சரின் அதே கனிந்த குரலில், "பகை" என்றது.

"பகை" என்றான் அண்ணன்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"டீச்சர், இன்னொரு வார்த்தை சொல்லுங்க. எதுவானாலும் சரி."

"மருந்து."

"மந்து" என்றது போன். "மந்து" என்றான் அண்ணன், ஓர் எழுத்து பிசகாமல்.

சிக்னல் போனை டீச்சரின் காதில் வைத்தாள். மூன்று வார்த்தை போதுமாக இருந்தது. டீச்சர் பேனாவை வைத்துவிட்டு, எதிரில் இருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வகுப்பின் தப்புகள். அவன் தப்பே செய்யவில்லை. தனக்கு என்ன வந்ததோ அதை அப்படியே திருப்பிக் கொடுத்திருக்கிறான்.

"கரகரன்னுகூட இல்லையே. அவருக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

"இந்த சாஃப்ட்வேரோட கெட்டிக்காரத்தனம் டீச்சர். நடுவுல ஒரு துண்டு வரலைன்னா ரெண்டு பக்கத்தையும் இழுத்து நைசா ஒட்டிடும். கேக்கறவங்களுக்குக் குட்டை வார்த்தையாத்தான் கேக்கும்."

தன் இடத்துக்கு ஓடி வந்து லைனின் போக்குவரத்துக் கணக்குகளைத் திறந்தாள். எல்லாம் அங்கேயே இருந்தது, அவள்தான் பார்க்கவில்லை. கிளையில் காலை பத்து மணிக்கு நோயாளிகள் கூட்டம். ஒவ்வொருவரின் பழைய ஸ்கேன் படமும் இங்கிருந்து அங்கே போகிறது. இங்கிருந்து போகும் பக்கம் நெரிசல், அங்கிருந்து வரும் பக்கம் காலி. அதனால்தான் அண்ணன் குரல் பளிங்கு மாதிரி வந்தது. போகும் பக்கத்தில் எட்டு என்று குறித்தவை ஆயிரக்கணக்கில் குப்பைக்குப் போயிருந்தன. கருவி எங்கேயும் பழுதாகவில்லை, எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. அவள் சொன்னபடிதான் அது நடந்திருக்கிறது.

பழைய அட்டையை எடுத்துப் பிரித்தாள். குண்டு எழுத்து. "மற்றவர்கள் முதலில் போகட்டும்." பக்கத்தில் அவள் வரைந்த சிரிக்கும் முகம். ரப்பரை எடுத்தாள், பிறகு அழிக்காமல் வைத்துவிட்டாள்.

மேனேஜர் படித்த மனிதர், கெட்டவர் இல்லை. அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"மாத்தறதுக்கு நான் கையெழுத்துப் போடணும். போடறேன். ஆனா நாளைக்கு ஒருத்தன் கேப்பான், சிக்னல் தன் அண்ணனுக்காக லைனைத் திருப்பிக்கிச்சான்னு. என்ன பதில் சொல்லுவே?"

அவர் சொன்னது பொய்யில்லை. அந்த நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தால், பெயரை எடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டிருப்பார்கள். அவளுக்குத் தெரிந்தே இருக்காது. அண்ணனுக்கு முன்னால் அப்படி எடுக்கப்பட்ட பெயர்கள் எத்தனையோ.

அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது ஒரு பழைய நாள் ஞாபகத்துக்கு வந்தது. அவளுக்கும் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவன் அண்ணன்தான். ஒரு வளைவில் காது கிழிய "பிரேக்!" என்று கத்தினான். வண்டி நின்றதும் அவளுக்குக் கோபம். எதற்கும் அவசரப்படாதவன் இதற்கு மட்டும் ஏன் இப்படிக் கத்துகிறாய் என்று சண்டை பிடித்தாள். அவன் சிரித்தான். "நீ நல்லா ஓட்டினேன்னு உன்கிட்ட நாளைக்குச் சொல்லலாம், அடுத்த வருஷம் சொல்லலாம், கெட்டுப்போகாது. பிரேக்குங்கறதை ரெண்டு செகண்ட் கழிச்சுச் சொன்னா அது எதுக்கு?"

பஸ்ஸிலேயே பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். பழைய படிவத்தின் கேள்வியே கோணல். எவ்வளவு அவசரம் என்று கேட்டால், ஆளாளுக்குத் தன் மதிப்பைத்தான் சொல்வார்கள். பெரிய ஆள் பெரிதாகச் சொல்வான், கூச்சப்படுகிறவர் சின்னதாகச் சொல்வார். நெட்வொர்க்குக்கு யாருடைய மதிப்பும் வேண்டாம். காகிதத்தில் ஒரே வரி எழுதினாள்: "தாமதமாக வந்தால் கெட்டுப்போகுமா?"

புதன்கிழமை காலை பதினேழு துறைக்கும் அந்தக் கேள்வியோடு போனாள். கேன்டீன்காரர் யோசிக்கவே இல்லை.

"கெடாதும்மா. சாயங்காலத்துக்குள்ள தெரிஞ்சாப் போதும்."

"அப்ப ஏங்க மிக அவசரம்னு போட்டீங்க?"

"நீ அவசரமான்னு கேட்டே. இல்லன்னு சொன்னா இந்த ஊர்ல எவன் மதிப்பான்?"

ஸ்கேன் டாக்டர்தான் எகிறினார். "என் படத்தைக் கீழ எறக்கப் போறியா?"

"உங்க படம் ரெண்டு செகண்ட் லேட்டாப் போனா, அதுல தெரியற கட்டி தெரியாமப் போயிடுமா டாக்டர்?"

"அதெப்படிப் போகும்? அதே படம்தானே."

"பேச்சு டீச்சர் சொல்ற வார்த்தைல ஒரு எழுத்து ரெண்டு செகண்ட் லேட்டாப் போனா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மூணு செகண்ட் ஆச்சுன்னா உன்னைத்தான் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க."

பேச்சு டீச்சரிடம் கேள்வியைக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அவரே சொன்னார். "சுத்திலும் ஹார்ட் அட்டாக், விபத்து. நான் ஆ, ஈன்னு சொல்லிக் குடுக்கறவ. அவசரம்னு எழுத எனக்குக் கை கூசிச்சும்மா." அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, இந்த லைனில் படித்துப் பெயர் எடுக்கப்பட்டவர்களின் பழைய தாள்களையெல்லாம் அலமாரியிலிருந்து இறக்க ஆரம்பித்தார். பதினோரு பேர் இருந்தார்கள்.

பதினேழு பதிலையும் பார்த்துவிட்டு மேனேஜர் கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலம் சிக்னல் எட்டை அழித்து நாற்பத்தாறு என்று எழுதினாள். இரண்டு இலக்கம். வேலை ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

வியாழன் பத்தரை மணிக்கு லைனில் வழக்கமான நெரிசல் இருந்தது. சிக்னல் இந்த முறை ஒளியவில்லை, டீச்சருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அவளைப் பார்த்ததும் அண்ணன் முகம் மலர்ந்து, உடனே வாடியது. தான் தோற்பதைத் தங்கை பார்க்கப்போகிறாள் என்று நினைத்திருப்பான்.

"பலகை" என்றார் டீச்சர்.

அவன் வாயைத் திறந்து, அப்படியே நிறுத்தினான். தலையைச் சாய்த்தான்.

"பலகை" என்றார் மறுபடி.

"ப... ல... கை."

"சக்கரம்."

"சக்... கரம்." கஷ்டப்பட்டு வந்தது, நாக்கு தடுக்கியது, ஆனால் முழுசாக வந்தது. குதிரையும் வந்தது. மருந்தில் தடுமாறினான். அது அவனுடைய சொந்தத் தடுமாற்றம். டீச்சர் அதையும் சந்தோஷமாகக் குறித்துக்கொண்டார், இப்போதுதான் திருத்துவதற்கு உண்மையான ஒரு தப்பு கையில் கிடைத்திருக்கிறது.

ஆறாவது வார்த்தைக்கு முன்னால் அண்ணன் கையைத் தூக்கி நிறுத்தினான். விரலால் தன் நெற்றியைத் தொட்டான். கண் தங்கையைப் பார்த்தது.

"இங்... க?" என்றான். "இல்... லையா?"

அவன் கேட்டது அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. இத்தனை நாளும் வார்த்தைகள் தன் தலைக்குள்தான் உடைகின்றன என்று அவன் நம்பிக்கொண்டிருந்திருக்கிறான். குறை சொல்லாமல், யாரிடமும் கேட்காமல், அந்த அறையில் தனியாக உட்கார்ந்து, நெற்றியைத் தட்டித் தட்டி.

"அங்க இல்லண்ணா" என்றாள். "தப்பு இங்க. என்கிட்ட. உன் காதும் சரியா இருந்துச்சு, தலையும் சரியா இருந்துச்சு. நான்தான் உன்னைக் கடைசியில நிறுத்தி வெச்சிருந்தேன்."

அண்ணன் கோணாத பக்கத்து உதட்டால் சிரித்தான். கோபப்பட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

டீச்சர் நாள்காட்டியைப் புரட்டினார். பெயர் பட்டியலில் இருக்கிறது என்றார். பழைய பன்னிரண்டு வகுப்பும் கணக்கில் சேராது, முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றார். எடுக்கப்பட்ட பதினோரு பேரையும் திரும்பக் கூப்பிடுவதால் நேரம்தான் கொஞ்சம் இடிக்கிறது.

"நாளைக்கே ஒரு இடம் இருக்கு. இல்ல, உங்களுக்கு அவசரமில்லன்னா, அடுத்த மாசம்..."

அங்கே வாசலுக்கு வெளியிலிருந்து அண்ணி எதையோ சொல்ல வாயெடுப்பது கேட்டது. அண்ணன் திரும்பாமலே அவளைக் கையமர்த்தினான். முன்னால் குனிந்தான். கழுத்து நரம்பு புடைத்தது. பயிற்சித் தாளில் இல்லாத வார்த்தை, யாரும் சொல்லிக்கொடுக்காத வார்த்தை, ஓர் எழுத்துகூட வழியில் விழாமல் வந்து சேர்ந்தது.

"அ... வ... ச... ரம்."